கால்வாய்க் கரைப் புள்ளினம்

பறவைகளைக் காண வேண்டுமெனின் வேடந்தாங்கலுக்கோ பழவேற்காட்டுக்கோ செல்ல வேண்டும் என்பது படித்தவரிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். நாம் வாழும் தெருவிலும், அத்தெருவை ஒட்டிய கால்வாயிலும் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் வினவுவர்; காகமும் புறாவும் தவிர வேறொன்றும் இல்லை என்று தாமே விடையும் கூறிக்கொள்வர். இவ்விடை பொருந்தாது. மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்லும் சென்னைப் பக்கிங்காம் கால்வாயையும் அதன் சுற்றுத் தெருக்களையும் களமாகக் கொண்டு, நகர்ப்புறப் பறவை நோக்கல் என்பது யாது, அதனால் நாம் அறிவது யாது என்பதை விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

கால்வாயின் வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டப்பெற்றுக் காக்ரேன் கால்வாய் என வழங்கிய சிறு நீர்வழியே இதன் தோற்றுவாய். பின்னர் இது வடக்கிலும் தெற்கிலும் படிப்படியாக நீண்டது. தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டிய 1877-78-இல், பசித்த மக்களுக்கு வேலையும் கூலியும் அளிக்கும் பொருட்டுக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. நீளப் பகுதி வெட்டப்பெற்றது. அன்றைய சென்னை ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-இல் இதற்குச் சூட்டப்பெற்றது. எனவே சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியே இன்று நாம் காணும் கால்வாய், பஞ்சத்தில் வாடியோரின் கைகள் தோண்டியது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆந்திரக் கடற்கரையிலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்ட இந்நீர்வழியில் உப்பும் விறகும் நெல்லும் படகேறி வந்தன. சாலையும் இருப்புப்பாதையும் பெருகவே படகுகள் குறைந்தன. நகரின் கழிவுநீர் அவ்விடத்தை நிரப்பிற்று. மக்கள் 'பறக்கும் ரயில்' என்று அழைக்கும் உயர்மட்டப் பாதை 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் திருமயிலை வரையிலும் வந்தபோது, அதன் தூண்கள் கால்வாயிலேயே ஊன்றப்பெற்றன. நீர்ப்பரப்பு மேலும் சுருங்கியது. இத்துணைக்குப் பின்னும் பறவைகள் இக்கால்வாயை முற்றாகத் துறந்துவிடவில்லை. எவை எஞ்சியுள்ளன, ஏன் எஞ்சியுள்ளன என்பதே நாம் ஆராயத்தக்கது.

நீரோரத்துச் சான்றுகள்

ஒரு பறவையைக் கண்டு அதன் பெயரைக் குறித்துக்கொள்வது முதற்படி. அது எதை உண்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று வினவுவது இரண்டாம் படி. இவ்வினாவிற்கு விடை கண்டால் அப்பறவை அவ்விடத்தைப் பற்றிச் சான்று கூறத் தொடங்கிவிடும்.

சேறு மேலெழுந்த இடங்களில் நெடுங்கால் உள்ளான் கூட்டமாக நிற்பதைக் காணலாம். சிவந்த நீண்ட கால்களும் ஊசி போன்ற கரிய அலகும் கொண்ட அழகிய பறவை அது. ஆயின் அதன் வருகையைக் கண்டு கால்வாய் தூய்மையுற்றது என்று மகிழ்தல் கூடாது. கழிவுநீர்ச் சேற்றில் பெருகும் சிறு பூச்சிகளின் புழுக்கள் அதற்கு நல்லுணவு. ஆகவே அது அழுக்கு நீரிலும் செழிக்கும்.

மீன்கொத்திகளின் செய்தி இன்னும் நுட்பமானது. கால்வாயோரக் கம்பிகளில் அமரும் வெண்மார்பு மீன்கொத்தி, பெயரளவில்தான் மீனைச் சார்ந்தது. ஓணான், வெட்டுக்கிளி, நண்டு, தவளை ஆகியவற்றையும் உண்டு வாழ்வதால் நீர் கலங்கியிருப்பினும் அது கவலுறாது. ஆனால் சிறு மீன்கொத்தியோ நீருக்குள் நீந்தும் குஞ்சுமீன்களைக் கண்ணால் கண்டே பாயவேண்டும். அதற்குத் தெளிநீர் இன்றியமையாதது. முன்னது இருக்கப் பின்னது மறைந்த கரை, தன் நீரின் நிலையைத் தானே அறிவித்துவிடுகிறது. மூழ்கி மீன்பிடிக்கும் சின்ன நீர்க்காகம் மரக்கிளையில் சிறகு விரித்து உலர்த்துமாயின், அவ்விடத்தே மீன் உண்டு என்று கொள்ளலாம். அவை பெரும்பாலும் அழுக்கைத் தாங்கும் ஜிலேபிக் கெண்டை போன்றவையாக இருக்கலாம். எனினும் நீர் முற்றிலும் சாகவில்லை என்பதற்கு அது சான்று.

கொக்கு என்று பொதுப்பெயரால் நாம் சுட்டுவனவும் ஓரினம் அல்ல. கரிய அலகும் கரிய காலும் மஞ்சள் விரல்களும் உடையது சின்ன வெண்கொக்கு. அது நீரைக் கலக்கி இரை தேடும். மஞ்சள் அலகுடையது உண்ணிக்கொக்கு. அது மாடுகளின் பின்னே நடந்து, அவற்றின் காலடியில் எழும் பூச்சிகளைப் பிடிக்கும். மண்நிறத்தில் அசையாது நின்று, பறக்கும்போது மட்டும் வெண்சிறகு காட்டுவது மடையான். பகலெல்லாம் மரத்தில் உறங்கி, அந்தியில் 'வக், வக்' என ஒலித்தபடி நீர்நாடிச் செல்வது வக்கா.

கரையில் வாலை ஓயாது ஆட்டிக்கொண்டு தனித்துத் திரியும் சிறு உள்ளான் ஒன்றுண்டு. அது நம்மூர்க் குடியன்று. இமயத்திலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்களில் இங்கு வந்து, கோடையில் மீளும் விருந்தாளி. நாம் சாக்கடை என்று இகழ்வதை, மலைகள் கடந்து வரும் ஒரு சிற்றுயிர் தன் குளிர்கால இல்லமாகக் கொள்கிறது. இக்கால்வாய் தனித்ததும் அன்று. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியே இதிற்றான் வந்து சேர்கிறது. அச்சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சதுப்பைப் போற்றிக் கால்வாயைப் புறக்கணிப்பது, குளத்தைக் காத்து வாய்க்காலை மூடுவதனோடு ஒக்கும்.

தெருக்கள் கூறுவன

கால்வாயை விட்டுத் தெருவிற்குள் நுழைந்தால் வேறொரு பறவைக் கூட்டம் நம்மை எதிர்கொள்ளும். இறைச்சிக் கடைகள் மிகுந்த அங்காடிகளின் மேலே கரும்பருந்துகள் வட்டமிடும். கழிவு எங்கே வீசப்படுகிறது என்பதை அவை வானிலிருந்தே காட்டிக்கொடுக்கும். 1795-இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலைப் போன்று, பழமையும் திறந்த வெளியும் ஒருங்கே அமைந்த வளாகங்கள் நகரப் பறவைகளுக்குப் பெருந்துணை. பழங்கட்டடங்களின் மாடங்களும் இடுக்குகளும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் புகலிடம்; வளைவுகளின் அடியில் உழவாரன் குருவி இறகையும் வைக்கோலையும் எச்சிலால் ஒட்டிக் கூடமைக்கும்.

சாலையோர மரங்களில் செம்பு தட்டுவது போன்று 'டுக், டுக்' என ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். அது பட்டுப்போன மெல்லிய கிளையைக் குடைந்தே கூடமைக்கும். 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயல் சென்னையின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. எஞ்சிய மரங்களிலும் பட்ட கிளைகளை நாம் ஒன்றுவிடாமல் வெட்டிவிடுகிறோம். ஆட்கள் நடமாடாத இடத்திலாவது ஒரு பட்ட கிளையை விட்டுவைப்பது ஒரு குடும்பத்திற்கு வீடு கொடுப்பதாகும்.

சிட்டுக்குருவியைப் பற்றிப் பெரியவர்கள் பெரிதும் ஏங்குவர். அதன் குறைவிற்குக் காரணம் தேடுவோர், குறுந்தொகையில் மாமலாடனார் பாடிய 46-ஆம் பாடலை நோக்குக. வீட்டு முற்றத்தில் உலரும் தானியத்தை உண்டு, பொதுவிடத்தின் எருத்துகளில் குடைந்தாடி, வீட்டிறப்பில் தன் குஞ்சுகளோடு தங்கும் குருவியை அப்புலவர் காட்டுகிறார். உணவு, புழுதிக் குளியல், உறையுள் என அதன் தேவைகள் மூன்றும் அங்கே அடங்கிவிட்டன. இன்றைய அடுக்ககத் தெருவில் தானியம் உலரும் முற்றம் இல்லை, புழுதி இல்லை, இறப்பும் இல்லை. குருவி நீங்கியதில் வியப்பென்ன? ஒரு காதற்பாடலுக்குள் உயிரியல் உண்மை இத்துணைச் செறிவாக அமைந்திருப்பது தமிழ் மாணவர் எண்ணி மகிழத்தக்கது.

பெயரும் பார்வையும்

இங்கே தமிழ்த்துறைக்குரிய பணி ஒன்று தோன்றுகிறது. பெயர் தெரியாத பொருளைக் கண் கடந்து சென்றுவிடும். மீன்கொத்தியைச் 'சிரல்' என்றும், மைனாவைப் 'பூவை' என்றும் வழங்கினர் சங்கச் சான்றோர். நாணற்புதரில் குட்டை வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும் வெண்மார்புப் பறவையை இன்றும் கம்புள்கோழி என்கின்றன பறவை நூல்கள். கம்புள் என்பது சங்க நூல்களில் பயின்ற சொல்லே. இத்தகு பெயர்களை ஆராய்ந்து பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதினார். தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் பறவைகளின் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்து நூலாக்கினார். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தியை ஆங்கில நாளிதழில் எழுதி வந்ததோடு, தமிழிலும் எழுதினார்.

ஒரு பெயரைக் கேட்ட கேள்வியே ஒரு வாழ்வை மாற்றிய வரலாறும் உண்டு. 1896-இல் பம்பாயில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த சாலிம் அலி, ஏறத்தாழ பத்து வயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டு, இஃது என்ன குருவி என்று வினவினார். அவரை வளர்த்த மாமாவுக்கு விடை தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சிறுவனை அனுப்பினார். 1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நூலுக்கு வித்திட்டது அவ்வினாவே. வினவிய சிறுவனை அடக்காமல் அறிந்தாரிடம் அனுப்பிய அம்மாமாவையும் நம் சமுதாயப் பெரியோர் நினைத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

பறவை நோக்கலுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இருகண் தொலைநோக்கி இருப்பின் நன்று, இல்லையெனினும் தொடங்கலாம். ஒரு குறிப்பேடு, ஒரு எழுதுகோல், விடியலுக்குப் பின் அரைமணி நேரம் ஆகியவை போதும். நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, அதன் செயல் ஆகியவற்றை எழுதுக. ஒரே இடத்தை ஆண்டு முழுதும் நோக்குக. வந்ததை எழுதுவது போலவே, வராததையும் எழுதுக. கூட்டை நெருங்குதலும், குஞ்சுகளைப் படமெடுக்க முயலுதலும் தவிர்க்கத்தக்கவை. தமிழகத்தில் 2015 முதல் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் மாணவர் பங்குபெறலாம். வீட்டு முதியோரிடமும் மீனவரிடமும் வழங்கும் பறவைப் பெயர்களைக் கேட்டு எழுதினால், அதுவே தமிழுக்கு ஓர் ஆய்வேடாக அமையும்.

கால்வாயைத் தூர்வார வேண்டும், கழிவுநீரைத் தடுக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்திற்கு இடமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறக்கவில்லை. கரைவாழ் ஏழை மக்களே நாற்றத்தையும் நோயையும் முதலில் தாங்குகின்றனர். ஆனால் சீரமைத்தல் என்பது இருகரையும் காரைச் சுவர் எழுப்புவதோடு முடிந்துவிடலாகாது. மீன்கொத்தி மண்கரையைத் துளைத்தே கூடமைக்கும். கம்புள்கோழிக்குப் புதர் வேண்டும். உள்ளானுக்குச் சரிவான சேறு வேண்டும். இயன்ற இடங்களிலேனும் மண்சரிவையும் நாணலையும் விட்டுவைத்தால், நீரும் ஓடும், பறவையும் வாழும்.

அவ்வாறு விட்டுவைக்குமாறு கேட்பதற்கு, அங்கே இன்னது வாழ்ந்தது என்று காட்டும் சான்று வேண்டும். அச்சான்று நம் மாணவரின் குறிப்பேட்டில் இருத்தல் வேண்டும். சிறு மீன்கொத்தி மீண்டும் இக்கரையில் அமர்ந்தது என்று அவர்களுள் ஒருவர் ஒருநாள் எழுதுவாராயின், பஞ்சத்தில் வாடியோர் தோண்டித் தந்த நீர்வழிக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கு தீர்ந்தது எனலாம்.