வீராணம் ஏரிப்படமும் மெய்யான ஆழமும்

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிக்குக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீருடன் வண்டலும் வருகிறது. ஆகவே ஏரியின் அடித்தளம் ஆண்டுதோறும் மாறுபடுகிறது. கைப்பேசியிற் காணும் செயற்கைக்கோள் படமோ, அது எடுக்கப்பட்ட நாளின் நீர்ப்பரப்பையே காட்டும். கலங்கிய நீரின் கீழுள்ள மேட்டைக் காட்டாது. முழுமட்டமெனக் கூறப்படும் 47.50 அடியும் அளவுகோலின் மட்டமேயன்றி ஆழமன்று. கொள்ளளவாகிய 1,465 மில்லியன் கன அடியை ஏரியின் பரப்பிற்குப் பங்கிட்டால், சராசரி ஆழம் சில அடிகளே.

படத்தை மட்டும் நம்பிப் படகு செலுத்துவோர் தரைதட்டக்கூடும். பழைய கொள்ளளவை நம்பி நடவு செய்வோர்க்குக் கதிர்விடும் பருவத்தில் நீர் குறையக்கூடும். ஆதலால் ஏரி நிறைந்திருக்கும்போது, அடிக்கணக்குக் குறித்த மூங்கிற்கழியாலோ ஒலியலைக் கருவியாலோ பலவிடங்களில் ஆழமளந்து, அன்றைய மட்டத்தையும் தேதியையும் உடன் பதிந்து வைத்தல் பாசனதாரர்க்கும் கிராம அலுவலர்க்கும் நலம் பயக்கும்.