சில்லின் மறுபக்கம்: குடும்பக் காரும் அகன்ற ரயர்களும்

மோட்டார்க் காரைப் பற்றிய பண்பாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அதன் தோற்றத்தோடு நின்றுவிடுகின்றன. ரோலன் பார்த் 1957 இல் நூலாக வெளியிட்ட 'மித்தோலொஜி' என்னுங் கட்டுரைத் தொகுதியிலே சித்ரோவன் டி.எஸ். காரைக் குறித்து எழுதினார். அவர் ஆராய்ந்தது அதன் வடிவத்தையும் அது தரும் தொடுகையுணர்வையுமேயாம். பொறியியல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தோர்ஸ்ரைன் வெப்ளன் 1899 இலேயே பகட்டு நுகர்வு பற்றிப் பேசியிருந்தார். ஒரு பண்டம் ஏன் விரும்பப்படுகின்றது என்பதை இத்தகைய ஆய்வுகள் விளக்குகின்றன. விரும்பி வாங்கிய பின்னர் அதன் பயன்மதிப்புக்கு யாது நேர்கின்றது என்பதை அவை விளக்குவதில்லை. குடும்பக் காருக்கு அகன்ற சில்லும் ரயரும் பூட்டும் வழக்கத்தை இவ்விரண்டாவது வினாவின் வழியே நோக்குவதே இங்கு நமது எண்ணம்.

ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியில் 2003 முதல் 2008 வரை விற்பனையான ஐந்தாம் தலைமுறை வொக்ஸ்வாகன் கொல்ஃப், நடுத்தர வருவாயுள்ள குடும்பங்களின் கார். அதன் எளிய வகைகளுக்கு உரிய ரயர் 195/65 ஆர் 15. முதலெண் ரயரின் அகலத்தை மில்லிமீற்றரிற் குறிக்கும். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பதைச் சொல்லும். ஈற்றெண் இரும்புச் சில்லின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் முழு விட்டம் 634.5 மி.மீ. அதே காருக்கு நிறுவனமே வழங்கிய அகன்ற அளவு 225/45 ஆர் 17. அதன் முழு விட்டம் 634.3 மி.மீ. அகலம் 30 மி.மீ. கூடியும் விட்டம் மாறவில்லை. பக்கச்சுவர் 127 இலிருந்து 101 மி.மீ. ஆகக் குறுகிவிட்டது. இதனைக் கவனியாது 225/55 ஆர் 17 பூட்டுபவரின் கார் ஒவ்வொரு சுற்றுக்கும் 7 வீதம் கூடுதலாக ஓடும். வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 107 ஆக இருக்கலாம். உண்மை வேகத்திற் குறைவாக வேகமானி ஒருபோதும் காட்டலாகாது என்பது ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39 ஆம் இலக்க ஒழுங்குவிதி.

அகன்ற ரயர் நிலத்தைக் கூடுதலான பரப்பிற் பற்றிக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. இது பெருமளவு பிழையானது. நிலத்தைத் தொடும் பரப்பைப் பிரதானமாகத் தீர்மானிப்பவை சுமையும் காற்றமுக்கமும் ஆகும். ஒரு சில்லு 350 கிலோகிராம் சுமக்க, ரயரினுள் சதுர சென்ரிமீற்றருக்கு 2.3 கிலோகிராம் அமுக்கம் இருப்பின், தொடுபரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்ரிமீற்றர். பக்கச்சுவரின் விறைப்பு இதனைச் சிறிது மாற்றும், அவ்வளவே. ரயர் அகன்றால் அப்பரப்பு அகலத்திற் கூடி நீளத்திற் குறைகின்றது. அதனாற் பயனில்லை என்றும் கூறிவிட முடியாது. உலர்ந்த வீதியில் வளைவெடுக்கும்போது குட்டையான பக்கச்சுவர் குறைவாக நெளிகின்றது. சுக்கானுக்குக் கார் உடனே பணிகின்றது. பிரெலி நிறுவனத்தின் பி 7 ரயர் 1970களில் போர்ஷ 911 ரேர்போ போன்ற விரைவுக் கார்களுக்குச் சென்றது இக்காரணம் பற்றியே. ஆயின் மழையில் நிலைமை தலைகீழாகும். அகன்ற ரயர் தன் பாதையில் கூடுதலான நீரை விலக்கவேண்டும். நீளங் குறைந்த தொடுபரப்பு அதற்குக் குறைந்த நேரத்தையே அளிக்கின்றது. நீர்ப்படலத்தின் மீது ரயர் மிதக்கத் தொடங்கும் வேகம் இதனாற் குறைகின்றது. குழியில் விழும்போது நெகிழ்ந்து கொடுப்பதற்கு முன்னிருந்த பக்கச்சுவர் உயரத்தில் ஐந்திலொரு பங்கு இல்லை, விளிம்பு வளைகின்றது. பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் இலாபமானதா என்பது கேட்கப்படவேண்டிய கேள்வி.

ஆயினும் மெய்யான ஆபத்து ரயரில் அன்று, சில்லின் மறுபக்கத்திலே உள்ளது. சில்லின் அகலத்திற்கு நடுக்கோடு ஒன்று உண்டு. காரின் குடத்தோடு பொருந்தும் தளம் அக்கோட்டிலிருந்து வெளிப்புறமாக எவ்வளவு தள்ளியுள்ளதோ, அதனை மில்லிமீற்றரில் ஈ.ரி. என்ற குறியுடன் சில்லிற் பொறிப்பர். இவ்வெண் கூடினாற் சில்லு காரினுள்ளே ஒதுங்கும். குறைந்தால் வெளியே துருத்தும். மேற்சொன்ன கொல்ஃபிற்கு நிறுவனம் அளித்த 6 அங்குல அகலச் சில்லின் ஈ.ரி. 47, 7 அங்குல அகலச் சில்லினது 54. அகலம் கூடியபோது சில்லை உள்ளே இழுத்திருக்கிறார்கள். அதனால் வெளிவிளிம்பு ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே நகர, எஞ்சிய 20 மி.மீ. உட்புறமாகச் சென்றது. வெளிச்சந்தையில் விற்கப்படும் 7 அங்குலச் சில்லு ஒன்றின் ஈ.ரி. 35 எனக் கொள்வோம். அது மட்காட்டை நிரப்பி நிற்கும். கண்ணுக்கு அழகாகவே இருக்கும். ஆனாற் சில்லின் நடு, நிறுவனம் வைத்த இடத்திலிருந்து 19 மி.மீ. வெளியே போய்விட்டது.

இந்த 19 மி.மீ. அற்பமானதன்று. சுக்கானைத் திருப்பும்போது முன்சில்லு ஓர் அச்சைப் பற்றித் திரும்புகின்றது. அவ்வச்சை நிலம்வரை நீட்டினால் அது ரயரின் நடுவுக்கு உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ நிலத்தைத் தொடும். 1972 இல் வந்த அவுடி 80 காரிலும் 1974 இல் வந்த முதற் கொல்ஃபிலும் அது வெளிப்புறமாகத் தொடும்படி அமைத்தனர். இதற்குத் தக்க காரணம் இருந்தது. அக்கார்களின் பிறேக் அமைப்பு மூலைவிட்டமாகப் பிரிக்கப்பட்டது: ஒரு குழாய்வழி இடது முன்சில்லுக்கும் வலது பின்சில்லுக்கும், மற்றையது எஞ்சியவற்றுக்கும். ஒரு வழி பழுதானால் முன்சில்லுகளில் ஒன்று மட்டுமே பிடிக்கும். கார் அப்பக்கமாக இழுபடும். அச்சு வெளிப்புறமாகத் தொடுவதால், பிடிக்கின்ற சில்லே தன்னை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு அவ்விழுவையைத் திருத்துகின்றது. ஒரு பக்கம் பனிக்கட்டியிலும் மறுபக்கம் உலர்ந்த வீதியிலும் ஓடும்போதும் இதுவே நிகழும். சாரதிக்கு இது தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. பெயரறியாப் பொறியியலாளரின் உழைப்பு அங்கே உறைந்து கிடக்கின்றது. சில்லை வெளியே தள்ளுபவர் இச்சிறிய இடைவெளியைத் தின்றுவிடலாம். அவ்வாறாயின் திருத்தவேண்டிய விசையே இழுவையைக் கூட்டும். பெயாரிங் மீது ஏறும் கூடுதற் சுமை வேறு.

போல்ட்டுக்களைப் பற்றியும் ஒரு சொல். வொக்ஸ்வாகன் சில்லுகளில் போல்ட்டின் தலையடி கோள வடிவினது. வெளிச்சந்தைச் சில்லுகள் பலவற்றிற்குக் கூம்பு வடிவம் வேண்டும். ஒன்றின் இருக்கையில் மற்றதை இறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்திலேயே அவை தொடும். இறுக்கிய விசை நாளடைவிற் தளரும். சில்லு கழன்றோடுவதற்கு இது போதும்.

மார்க்சியர் பண்ட மாயை என்று கூறுவதற்கு இதனிலும் எளிய சான்று கிடைப்பது அரிது. கடையின் சுவரிலே தொங்குவது சில்லின் முகம். விலையும் அம்முகத்திற்கே. பயனைத் தீர்மானிக்கும் எண் பின்புறத்திலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஜேர்மனியச் சட்டம் இவ்வகையில் அரசியலாளர் சிலரிலும் பார்க்க விவேகமானது: ஆபத்தை விளைக்கக்கூடிய மாற்றத்தை உரிய சான்றிதழோ பரிசோதனையோ இன்றிச் செய்தால் வாகனத்தின் இயக்க அனுமதியே அற்றுப்போகும். ஆனாற் சான்றிதழ் ஒரு கடதாசி. கார் கைமாறும்போது அது எளிதிற் தொலைந்துவிடும்.

அந்தக் கொல்ஃப் கார்கள் இன்று பழையன. புதிது வாங்க இயலாத உழைப்பாளர் குடும்பங்களுக்கு மலிவாகக் கிடைப்பன. முதல் உடைமையாளரின் ஆசைக்குப் பூட்டிய சில்லு மூன்றாமவருக்கு விலையின்றி வந்து சேர்கின்றது, அதன் ஆபத்தோடும், விலை கூடிய 17 அங்குல ரயரைத் தேய்ந்ததும் மாற்றவேண்டிய செலவோடும். அவர் முதலிற் செய்யவேண்டியது ஒரு சில்லைக் கழற்றி, உட்புறத்துச் சேற்றைத் துடைத்து, ஈ.ரி. எண்ணை வாசிப்பதாகும். பின்னர் போல்ட்டின் தலையடியைப் பார்க்கவேண்டும். இரண்டும் பொருந்தினால் 120 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கி, ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கலாம். பொருந்தாவிடின், பழைய 15 அங்குல இரும்புச் சில்லுகள் நான்கு குறைந்த விலைக்குக் கிடைக்கும்.