திரை வாசிப்பானின் அமைப்புகளைச் சரிசெய்தலும் சேமித்தலும்: பார்வை இழந்தோருக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

கணினித் திரையில் உள்ளவற்றை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளுக்குத் திரை வாசிப்பான் என்று பெயர். பார்வையற்ற ஒருவர் இதன் துணையுடன் கடிதம் எழுதலாம். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கலாம். தம் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பிறர் உதவியின்றித் தாமே படித்தறியலாம். ஆயினும் குரலின் வேகம், சுருதி, மொழி ஆகியவை மூக்குக் கண்ணாடியின் எண்ணைப் போல ஒருவருக்கொருவர் வேறுபடுபவை. அவற்றை உரியவாறு அமைக்க வேண்டும். அமைத்தவற்றைச் சேமிக்கவும் வேண்டும்.

இந்த இரண்டாவது பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. பயிற்சி மையத்தில் கணினியைச் சரளமாக இயக்கிய ஒருவர் வீட்டிலோ பணியிடத்திலோ திணறும்போது, "இவருக்கு இது வராது" என்று உறவினர் முடிவு செய்துவிடுகின்றனர். நாளடைவில் அவரும் அதையே நம்பத் தொடங்குகிறார். அவர் பழகிய குரலும் வேகமும் அந்தக் கணினியில் இல்லை என்பதே பெரும்பாலும் உண்மையான காரணம்.

செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஏராளமானோர் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். நடுவயதில் பார்வை இழப்பதற்கு நீரிழிவு விழித்திரை நோயும் கண்ணழுத்த நோயும் முக்கியக் காரணங்கள். தேய்ப்புச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் உலோகத் துகள், இரசாயனத் தெறிப்பு போன்றவற்றால் ஏற்படும் காயங்கள் பணியிடத்திற்கே உரியவை. இவ்வாறு பார்வை இழந்தவர்களுக்குத் திரை வாசிப்பானை அமைக்கும்போது, பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்குப் பெரும்பாலும் எழாத இரண்டு பிரச்சினைகள் எழக்கூடும்.

முதலாவது, விரல் உணர்வு. நீண்டகால நீரிழிவில் கால்களை முதலில் தாக்கும் நரம்புச் சேதம், பின்னர் விரல் நுனிகளுக்கும் பரவுவதுண்டு. அத்தகையோருக்குப் பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் படிப்பது கடினம். எனவே அவர்களுக்குக் குரல்வழி வாசிப்பே முதன்மையான வழியாகிறது. விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேடுகளும் விரலுக்குத் தட்டுப்படாமல் போகலாம். அவற்றின் மீது சற்றுப் பெரிய ஒட்டுப்புள்ளிகளை ஒட்டினால் போதும்.

இரண்டாவது, செவித்திறன். அச்சு இயந்திரங்களின் இரைச்சலில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர்களுக்குக் கேட்புக் குறைவு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அளவையொட்டிய உயர் அதிர்வெண்களில் தொடங்குகிறது. நேரில் பேசும்போது இக்குறை எளிதில் வெளிப்படாது. உதட்டசைவையும் முகபாவத்தையும் பார்த்துப் பொருளை ஊகித்துக்கொள்ளலாம். பார்வையும் போன பின்னர் அந்த ஊகத்திற்கு இடமில்லை. ச, ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய உரசொலிகள் மழுங்கி ஒலிக்கும். உடனே ஒலியளவைக் கூட்டத் தோன்றும். அதனால் உயிரொலிகள் இரைச்சலாகுமேயன்றி மெய்யொலிகள் தெளிவடைவதில்லை. வேகத்தைக் குறைத்து, சற்றுத் தாழ்ந்த சுருதியுள்ள குரலைத் தேர்ந்தெடுப்பது பலருக்குப் பயன் தருகிறது. திரை வாசிப்பான் பயிற்சிக்கு முன் ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நன்று.

காதொலிக்கருவி பயன்படுத்துவோர் ஒலியளவில் கவனமாக இருக்க வேண்டும். வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல் அளவைத் தாண்டாமல் கேட்பதே பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. பார்வையற்றவருக்குச் சுற்றுப்புறத்தை உணர்த்துவதும் செவியே என்பதால், இரு காதுகளையும் அடைக்காமல் ஒரு காதில் மட்டும் கருவியை அணிவதே எனது பரிந்துரை.

எந்தத் திரை வாசிப்பான்?

விண்டோஸ் கணினிகளுக்குப் பல திரை வாசிப்பான்கள் உள்ளன. இங்கு என்விடிஏ என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்கிறோம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் இதை உருவாக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். இது கட்டணமற்றது, தமிழிலும் இயங்கும். பட்டியல்களின் பெயர்கள் தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் விசைக் கட்டளைகள் ஒன்றே.

கட்டளைகளில் பெரும்பாலானவை "என்விடிஏ விசை" ஒன்றைச் சார்ந்தவை. இன்செர்ட் விசையே இயல்பாக அந்தப் பணியைச் செய்யும். மடிக்கணினியில் அது எட்டாத இடத்தில் இருப்பதால், தொடக்கத்தில் தோன்றும் வரவேற்புச் சாளரத்திலேயே கேப்ஸ் லாக் விசையையும் என்விடிஏ விசையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

குரலைச் சரிசெய்தல்

என்விடிஏ விசையுடன் கன்ட்ரோல், வி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் பேச்சு அமைப்புகள் திறக்கும். குரல், வேகம், சுருதி, ஒலியளவு ஆகியவை அங்கே உள்ளன. டேப் விசையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து, அம்பு விசைகளால் மாற்றலாம். சாளரத்தைத் திறக்காமலும் மாற்ற முடியும்: மேசைக் கணினியில் என்விடிஏ விசையுடன் கன்ட்ரோலையும் அழுத்தியவாறு இட, வல அம்பு விசைகளால் அமைப்பைத் தேர்ந்து, மேல், கீழ் அம்பு விசைகளால் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். மடிக்கணினி விசையமைப்பில் இவற்றுடன் ஷிஃப்ட் விசையையும் சேர்க்க வேண்டும்.

தமிழ் எழுத்துகள் வரும் இடங்களில் கணினி மௌனமாகக் கடந்து செல்கிறதா? ஆங்கிலம் மட்டும் அறிந்த குரல் தேர்வாகியுள்ளது என்பதே அதன் பொருள். விண்டோஸ் அமைப்புகளின் பேச்சுப் பிரிவில் "வள்ளுவர்" என்னும் தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் குரலிலும் தமிழ் உண்டு. அது இயந்திரத்தனமாக ஒலித்தாலும் மிக விரைவாகப் பதிலளிக்கும். வேகத்தைக் கூட்டினாலும் சொற்கள் சிதைவதில்லை. புதியவர்கள் வள்ளுவரையும், பழகியவர்கள் ஈஸ்பீக்கையும் விரும்பக்கூடும். எது சிறந்தது என்று வீட்டார் முடிவு செய்ய வேண்டியதில்லை, கேட்கப்போகிறவரே தேர்ந்தெடுக்கட்டும். அண்மையில் பார்வை இழந்தவர்கள் தொடக்கத்தில் மிகக் குறைந்த வேகத்தில் கேட்பது இயல்பே. சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிதளவு கூட்டிப் பார்க்கலாம்.

மருந்தளவைக் கேட்டறியும்போது

உடல்நலத்தை நேரடியாகப் பாதிக்கக்கூடிய அமைப்பு ஒன்று உண்டு. நிறுத்தற்குறிகளில் எவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை என்விடிஏ விசையுடன் பி விசையை அழுத்தி மாற்றலாம். "ஏதுமில்லை" என்பது முதல் "அனைத்தும்" என்பது வரை அதில் நிலைகள் உள்ளன. கதை, கட்டுரை படிப்பவர்கள் தொல்லை வேண்டாம் எனக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்வர். அதே நிலையில் 120/80 என்னும் இரத்த அழுத்தக் குறிப்பைக் கேட்டால் நடுவிலுள்ள சாய்கோடு சொல்லப்படாமல் போகலாம். காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று என்பதைக் குறிக்கும் 1-0-1 என்பதன் இடைக்கோடுகளும் அவ்வாறே விடுபடலாம். வேகமான வாசிப்பில் 0.5 என்பதன் முதல் பகுதி நழுவினால் மருந்தளவு பத்து மடங்காகிவிடும்.

ஆகவே மருந்துச் சீட்டையோ பரிசோதனை அறிக்கையையோ படிக்கும்போது நிறுத்தற்குறி நிலையை "அனைத்தும்" என மாற்றுங்கள். எண்கள் வரும் இடத்தில் வல அம்பு விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து கேளுங்கள். இன்சுலின் அளவை ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டுச் செலுத்திக்கொள்ள வேண்டாம். ஐயம் இருப்பின் மருந்தாளுநரையோ செவிலியரையோ தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் மாற்றுவது சலிப்பாக இருந்தால் "ப்ரொஃபைல்" எனப்படும் தனி அமைப்புத் தொகுப்பை உருவாக்கிக்கொள்ளலாம். என்விடிஏ விசையுடன் கன்ட்ரோல், பி விசைகளை அழுத்தி, "புதியது" என்பதைத் தேர்ந்து, "மருத்துவம்" என்று பெயரிடுங்கள். குறைந்த வேகத்தையும் "அனைத்தும்" என்னும் நிலையையும் அதில் அமையுங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒரு தொகுப்பு இயக்கத்தில் இருக்கும்போது குரலில் செய்யும் மாற்றங்கள் அந்தத் தொகுப்பிலேயே பதிவாகும். வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும்.

சேமித்தல்

அமைப்புச் சாளரத்தில் "சரி" என்பதை அழுத்தியதும் மாற்றங்கள் நடைமுறைக்கு வந்துவிடும். ஆனால் அவை வட்டில் பதிவாகிவிட்டதாகப் பொருளில்லை. இயல்பாக, என்விடிஏயை முறையாக மூடும்போதுதான் அது தானாகச் சேமிக்கிறது. நடுவில் மின்சாரம் நின்றாலோ, வீட்டார் சுவிட்சை அணைத்துவிட்டாலோ அன்று செய்த மாற்றங்கள் போய்விடும். இதைத் தவிர்க்க, குரல் மனத்திற்கு ஏற்றவாறு அமைந்த உடனேயே என்விடிஏ விசையுடன் கன்ட்ரோல், சி விசைகளை ஒருசேர அழுத்துங்கள். அமைவடிவம் சேமிக்கப்பட்டது என்று குரல் அறிவிக்கும். அந்த அறிவிப்பைக் கேட்ட பின்னரே சேமித்ததாகக் கொள்ளுங்கள்.

பலர் பயன்படுத்தும் கணினியில் வேறொரு நடைமுறை பொருந்தும். பொது அமைப்புகளில் "என்விடிஏயை மூடும்போது அமைவடிவத்தைச் சேமி" என்னும் தேர்வை நீக்கிவிட்டால், இடையில் யார் எதை மாற்றினாலும் அடுத்த முறை பழைய நிலையே திரும்பும். அதன் பின்னர் நீங்கள் விரும்பும்போது மட்டும் மேற்கண்ட கட்டளையால் சேமிக்கலாம்.

தவறுதலாக ஏதேனும் மாறிவிட்டால் பதற வேண்டாம். என்விடிஏ விசையுடன் கன்ட்ரோல், ஆர் விசைகளை ஒருமுறை அழுத்தினால் கடைசியாகச் சேமித்த நிலை திரும்பும். அதையே விரைவாக மூன்று முறை அழுத்தினால் யாவும் தொடக்க நிலைக்குச் சென்றுவிடும். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் தட்டுபவர்கள் அறியாமல் செய்வது இதுதான்.

விண்டோஸ் கடவுச்சொல் கேட்கும் திரையில் வேறு குரல் ஒலிப்பதும் பலரைக் குழப்புகிறது. அத்திரைக்கென அமைப்புகள் தனியே வைக்கப்பட்டுள்ளன. பொது அமைப்புகளில் உள்ள, சேமித்த அமைப்புகளை உள்நுழைவுத் திரையிலும் பயன்படுத்துவதற்கான பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்குக் கணினி நிர்வாகியின் அனுமதி தேவை. பணியிடக் கணினியாயின் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் கேட்க வேண்டும்.

அமைப்புகளைக் கையோடு கொண்டு செல்லவும் முடியும். என்விடிஏ பட்டியலில் கருவிகள் என்னும் பிரிவில், கொண்டுசெல்லத்தக்க நகலைப் பென் டிரைவில் உருவாக்கும் வசதி உள்ளது. அப்போது நடப்பு அமைவடிவத்தையும் நகலெடுக்குமாறு குறிப்பிட வேண்டும். இல்லையேல் மென்பொருள் மட்டுமே வரும், உங்கள் குரல் வராது. இந்த நகல் உள்நுழைவுத் திரையில் இயங்காது. பென் டிரைவ் அனுமதிக்கப்படாத பணியிடங்களில் என்விடிஏயை நிறுவித் தருமாறு எழுத்து மூலம் கோருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்பதைக் கடிதத்தில் சுட்டலாம்.

இவற்றுடன், குரலின் பெயர், வேகம், சுருதி, நிறுத்தற்குறி நிலை, விசையமைப்பு ஆகியவற்றைக் கைபேசியில் குரல்பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். குரலின் பெயரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரு குரலில் 40 என்னும் வேகம் மற்றொரு குரலில் அதே வேகமாக இராது.

பராமரிப்பாளர்களுக்கு

திரை கருப்பாக இருந்தால் கணினி பழுதாகிவிட்டது என எண்ணிவிடாதீர்கள். பிறர் பார்க்காதிருக்கத் திரையை மறைக்கும் "திரைச்சீலை" வசதியைப் பயனர் தாமே இயக்கியிருக்கலாம். என்விடிஏ விசையுடன் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை அழுத்தினால் அது விலகும். ஆனால் அவரைக் கேட்காமல் விலக்குவது முறையன்று.

குரல் திடீரென நின்றுவிட்டால், முதலில் ஒலிபெருக்கியையும் காதொலிக்கருவியின் இணைப்பையும் பாருங்கள். அடுத்து என்விடிஏ விசையுடன் எஸ் விசையை அழுத்திப் பாருங்கள். பேச்சு நிலை அணைந்திருந்தால், சில முறை அழுத்தியதும் மீளும். என்விடிஏயே நின்றிருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், என் விசைகள் அதை மீண்டும் தொடங்கும். வீட்டிலுள்ள பிள்ளைகள் அதே கணினியைப் பயன்படுத்துவராயின் அவர்களுக்கு விண்டோஸில் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். என்விடிஏ அமைப்புகள் கணக்கு வாரியாகவே பதிவாகின்றன.

பயிற்சிக்கும் சான்றிதழுக்கும்

செம்பரம்பாக்கத்திலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பூவிருந்தவல்லியில், பார்வை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் அமைந்துள்ளது. இதன் தலைமையகம் டேராடூன். பயிற்சி குறித்து அங்கு விசாரிக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும். சட்டப்படியான பலன்கள் பலவற்றுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். பயிற்சியில் சேரச் செல்லும்போது கண் மருத்துவ அறிக்கையுடன் செவித்திறன் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளிலேயே குரலை உரியவாறு அமைக்கப் பயிற்றுநருக்கு அது உதவும்.