கூரைக்கு ஒரு வெள்ளைப் பூச்சு

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரே மாதத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கும் மேல் கூடுதலாக இறந்துபோனார்கள். நெஞ்சு பதறும் கணக்கு இது. 2013இல் அந்நகரின் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. முன்னெச்சரிக்கை, குடிநீர் வசதி, மருத்துவமனைகளில் தயார்நிலை. பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சும் அடித்தார்கள். வெள்ளை நிறம் வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் சில டிகிரி சூடு குறையும். தகரத்துக்கடியில் பகல் முழுக்க உட்கார்ந்து துணி தைக்கும் பெண்ணுக்கு அந்தச் சில டிகிரி பெரிய விஷயம்.

அகமதாபாத்தில் வெயிலுக்கு இப்படி ஓர் எளிய வழி என்றால், லடாக் கிராமங்களில் விதைப்புக்கான நீருக்கு இன்னோர் எளிய வழி. அங்கே குளிர்காலத்தில் வீணாகும் ஓடை நீரைக் குழாய் வழியே பீய்ச்சிப் பனிக்கூம்பாக உறைய வைக்கிறார்கள். விதைப்புக் காலத்தில் அது உருகி வயலுக்குப் பாய்கிறது.