சிதறுதேங்காய் எண்ணும் பொறி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கடைக் கறுவா அசலா, கசியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டையாக வாங்கினால் கண்ணே போதும். நம் கறுவா சுருட்டுப் போல உள்ளே மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும். கசியா தடித்த ஒற்றைப் பட்டை. தூளாக்கிப் பைக்கற்றில் அடைத்துவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை. அப்போதுதான் திணிவு நிறமாலைமானி வேண்டும்.

1919இல் கேம்பிரிட்ஜில் அஸ்டன் செய்த பொறியின் வாரிசு அது. மூலக்கூறுகளை மின்னேற்றித் திணிவுவாரியாகப் பிரிக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது அது நிறுப்பதல்ல, உடைப்பது. சிறுவயதில் ஆடிவேல் நாட்களில் காலி வீதியில் சிதறுதேங்காய் பொறுக்கியவன் நான். எந்தத் தேங்காயும் இன்னொன்றைப் போலச் சிதறாது. மூலக்கூறு அப்படியில்லை. 70 இலத்திரன் வோல்ற்று சக்தியுடன் ஓர் இலத்திரன் வந்து அடித்தால், கொழும்பிலும் சரி கோபன்ஹேகனிலும் சரி, ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் உடையும். சில்லுகளைப் பார்த்தே தேங்காயின் பெயரைச் சொல்லிவிடலாம்.

கசியாவில் நிறைய இருப்பது கூமரின். அளவு மிஞ்சினால் ஈரலுக்கு ஆகாது. நம் கறுவாவில் அது மருந்துக்குத்தான். கூமரினின் திணிவு 146. அடி விழுந்ததும் 28 கழன்று 118. இன்னுமொரு 28 கழன்று 90. கழன்ற ஒவ்வொரு 28உம் ஒரு காபனோரொட்சைட்டு. திரையில் இந்த மூன்று கோடுகளும் எழுந்தால் கூமரின் பிடிபட்டது. பிறகு கோட்டின் உயரம் சொல்லும், எவ்வளவு கூமரின் என்று.

இத்தனையும் நடப்பது வெற்றிடத்தில். அதனால் பம்பியை இரவிலும் போயாவிலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி மறுபடி நிலைக்குக் கொண்டுவரவே ஒரு நாள் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நமக்கு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. அந்த நாட்களில் நான் எட்டிப்பார்த்த ஓர் ஆய்வுகூடத்தில் பொறியின் மேல் பழைய மேசைவிரிப்பு போர்த்தியிருந்தது. "பொறிக்குக் காசு வந்தது, பற்றரிக்கு வரேல்லை," என்றார் அங்கிருந்த இளைஞர். கடன்பட்டுக் கலியாணம் செய்துவிட்டு மறுநாள் அரிசிக்கு அலைகிற கதை. திறப்புவிழாவுக்கு ரிபனும் கத்தரிக்கோலும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. பொறிக்கு வேண்டிய ஹீலியம் சிலிண்டருக்கும் பம்பி எண்ணெய்க்கும், பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரின் சம்பளத்துக்கும்தான் கணக்கில் இடமில்லை.

அவற்றுக்கும் இடம் கிடைக்கும் வரைக்கும், அம்மா, பட்டையாகவே வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள்.