உங்களுக்குத் தெரியுமா? பூட்டிய பெட்டியும் உளவியல்தான்!

இலங்கையில் 1995-க்கும் 2015-க்கும் இடையே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் சரிந்தது. முக்கியக் காரணம், கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. பிழைத்த உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விளைச்சலும் குறையவில்லை!

• தற்கொலை எண்ணத்தின் வேகம் பலருக்குச் சில நிமிடங்களோ, சில மணி நேரமோதான். நஞ்சு கைக்கெட்டாமல் போனால் அந்த நேரம் கடந்துவிடும். தப்பியவர்களில் பெரும்பாலோர் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

• கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் சென்னை 'சினேகா' அமைப்பு நஞ்சைக் கைக்கெட்டாமல் வைத்துப்பார்த்தது (1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது). ஊருக்குப் பொதுவான கிடங்கு, உள்ளே வங்கி லாக்கர் மாதிரிப் பெட்டிகள். தெளிக்கும் நாளில் பூச்சிக்கொல்லியை எடுத்துப்போய், மிச்சத்தை அங்கேயே திருப்பி வைக்க வேண்டும். ஆளை மாற்றாமல் அவரைச் சுற்றியுள்ளதை மாற்றும் இந்த வேலை, சமூக உளவியலின் கைவண்ணம்.

• ஆனால் நம் கல்வராயன் மலையடிவாரத்தில் மக்காச்சோளத்துக்கு அடித்ததுபோக மிஞ்சிய பூச்சிக்கொல்லி பாட்டில் எரவாணத்தில் செருகிக் கிடக்கும். அந்த நஞ்சுக்கு நாம் வைத்த பெயரைப் பாருங்கள்: 'மருந்து'!

• மனசு கனத்தால் பேச: டெலி மானஸ் 14416, அல்லது 104. 24 மணி நேரமும், தமிழில், கட்டணமின்றி.