சிட்டுக்குருவி செய்த குற்றம் என்ன?

இயற்கையில் ஓர் உயிரினத்தை அழித்தால் இன்னொன்று பெருகும். இதை அறியாமல் சீனா கொடுத்த விலை பெரியது.

1958இல் எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றுடன் சிட்டுக்குருவியையும் ஒழிக்கும்படி மாசேதுங்கின் அரசு மக்களை ஏவியது. தானியம் தின்பதே குருவியின் குற்றம். மக்கள் தகரங்களைத் தட்டி, அவற்றை எங்கும் அமரவிடாது விரட்டினர். களைத்த குருவிகள் விழுந்து மடிந்தன. கூடுகளும் முட்டைகளும் அழிக்கப்பட்டன.

ஆனால், குருவிகள் தம் குஞ்சுகளுக்கு ஊட்டியவை புழு பூச்சிகளையே. குருவிகள் குறையவே பயிர்களில் பூச்சிகள் பெருகின. 1960இல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அதற்குள் கொடிய பஞ்சம் தொடங்கியிருந்தது. 1961 வரை நீடித்த அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசின் தவறான விவசாயக் கொள்கைகளே பிரதான காரணம். குருவிகளின் அழிவும் இழப்பைக் கூட்டியது.

அல்லாஹ் அனைத்தையும் ஓர் அளவோடு படைத்திருக்கிறான். நம் வீட்டுத் தோட்டமும் அப்படியே. கத்தரிச் செடியில் ஒரு புழுவைக் கண்டதும் கிருமிநாசினி தெளித்தால், அதை உண்ணும் குளவியும் சிலந்தியும் சேர்ந்தே சாகின்றன. புழு விரைவில் மீண்டும் பெருகும். அதை உண்பவை மெதுவாகவே திரும்பும்.

சகோதரிகளே! முதலில் புழுவைக் கையால் பொறுக்கி அகற்றுங்கள். தோட்டத்துக்கு வரும் குருவிகளை விரட்ட வேண்டாமென்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.